யாரும் கேட்காத கேள்வி

பிரசவம் நடந்த வீட்டில் பொழுது விடிந்ததும் பேசப்படும் முதல் விஷயம் என்ன தெரியுமா, வாசகிகளே? உங்களுக்குத் தெரியாமல் இராது. "குழந்தை வெளிக்குப் போயிற்றா?" என்பதுதான் அது. போயிருந்தால் எத்தனை தடவை, என்ன நிறம், தண்ணீராகவா, கெட்டியாகவா என்று வீடே கூடி ஆராயும். எங்கள் வீட்டில் அந்தச் சேதி கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குத் தினம் டெலிபோனிலும் பறந்தது. ஆபீஸில் நாலு பேர் நடுவே உட்கார்ந்திருந்த என் கணவர், "மஞ்சளா? ரொம்ப சந்தோஷம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் அசடு வழிந்தாராம்.

இத்தனை விசாரணை நடந்த வீட்டில், குழந்தையைப் பெற்றவளிடம் அதே கேள்வியை ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இதை எழுத நேர்ந்திராது.

இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொண்டே படியுங்கள், பாதகமில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு மகளோ மருமகளோ பச்சை உடம்போடு இருக்கலாம்.

2023-ம் வருஷம் தை மாதம். தலைப் பிரசவத்துக்காகப் பிறந்த ஊரான கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தேன். 2019-ல் தனி மாவட்டம் ஆன பிறகு எங்கள் ஊருக்குக் கொஞ்சம் மிடுக்கு வந்துவிட்டது. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்து சேர்ந்தது. "எங்கள் காலத்தில் ஏதாவது சிக்கல் என்றால் சேலத்துக்கோ, பாண்டிச்சேரி ஜிப்மருக்கோ ஓடவேண்டும். உனக்கு அந்தக் கஷ்டமில்லை" என்று அம்மா பெருமைப்பட்டுக் கொண்டாள். சுகப் பிரசவந்தான். ஆண் குழந்தை. சில தையல்கள் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஐந்தாம் நாள் காலையில்தான் என் சங்கடம் ஆரம்பமாயிற்று. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று அறுத்துக்கொண்டு போவது போன்ற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிவப்பாகச் சில சொட்டு ரத்தம் வேறு. அதோடு முடிந்ததா? வெளியே வந்த பின்பும் இரண்டு மணி நேரம், மிளகாயை அரைத்துப் பூசினாற்போல் எரிச்சல். தையல்தான் பிரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

யாரிடம் சொல்வது? கூடத்தில் அப்பா. வாசலில் தம்பி. அறைக்குள் தொட்டிலைச் சுற்றி எப்போதும் நாலு உறவுக்காரப் பெண்கள். அம்மாவோ அடுப்படிக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்ற வலியை மணிக்கணக்காக வர்ணிக்கலாம். கேட்பவர்களும் தங்கள் கதையைச் சொல்வார்கள். இந்த வலியை எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவில்லை.

சொல்லாமல், எனக்கு நானே ஒரு வைத்தியம் செய்துகொண்டேன். சாப்பிட்டால்தானே வெளிக்குப் போகவேண்டும்? ஆகவே சாப்பாட்டைக் குறைத்தேன். அவசரம் வந்தாலும் பயந்து அடக்கினேன். போதாக்குறைக்குப் பெரியம்மாவின் பத்தியம். "பச்சை உடம்புக்காரி தண்ணீரை மடமடவென்று குடித்தால் வயிறு பானையாகிவிடும். பாலும் நீர்த்துப் போகும்" என்று சொல்லி, ஒரு வேளைக்கு அரை டம்ளர் வெந்நீர்தான் அளந்து கொடுப்பாள். கீரை மந்தம், பழம் குளிர்ச்சி. சோறும் பூண்டுக் குழம்பும் சுட்ட கருவாடுமே கதி. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் தவறாமல் விழுங்கி வந்தேன்.

மூன்றாவது வாரத்தில் என்னால் சம்மணம் போட்டு உட்காரவே முடியவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தால் உடம்பெல்லாம் விறைக்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். அவன் இரண்டு வாய் குடிப்பான்; விட்டுவிட்டு வீறிடுவான். "பால் பற்றவில்லை போலிருக்கிறது, மாவுப் பால் டின் வாங்கிவிடலாமே" என்று யாரோ சொன்னார்கள்.

ஓர் இரவு இரண்டு மணி இருக்கும். குழந்தை பசித்து அழுதான். அந்த அழுகையைக் கேட்டு எனக்கு இரக்கம் வரவில்லை, வாசகிகளே, கோபம் வந்தது. "உன்னால்தானே எனக்கு இந்தக் கதி" என்று அந்தப் பிஞ்சு முகத்தைப் பார்த்து நினைத்தேன். நினைத்த மறு நிமிஷமே நடுங்கிப் போனேன். விடிந்ததும் டின் வாங்கச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

விடிந்ததும் வந்தது டின் அல்ல. மலையிலிருந்து ஆயா வந்தாள்.

எங்கள் ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. ஆயா வெள்ளிமலைப் பக்கத்து மலைக் கிராமத்துக்காரி. கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் இறங்கி வந்து, தேன், புளி, சாமை அரிசி எல்லாம் வீடு வீடாக விற்பாள். மாசி பிறந்தால் மூட்டையில் கடுக்காயும் இருக்கும். இருபது வருஷமாக எங்கள் வீட்டு வாடிக்கை.

கடுக்காய் வயிற்றைச் சுத்தம் செய்யும் என்பது எனக்கும் தெரியும். அம்மா சமையலறைக்குப் போன சமயம் பார்த்து, "ஆயா, எனக்கு நாலு கடுக்காய் கொடு" என்று மெல்லக் கேட்டேன்.

"எதுக்குக் கண்ணு?"

"சும்மாத்தான்."

நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை அவள் சற்று நேரம் பார்த்தாள். "வெளிக்குப் போக முடியலையா?" என்றாள்.

இருபத்திரண்டு நாளாக யாரும் கேட்காத கேள்வி! எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"விக்கிறவ நானே சொல்றேன், பால் குடுக்கிற பொண்ணுக்கு இதைக் குடுக்க மாட்டேன். ஆமா, தண்ணி குடிக்கிறியா நீ?"

பெரியம்மாவின் அரை டம்ளர் கணக்கைச் சொன்னேன். ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "எம் பொண்ணும் உன்னாட்டம்தான் வாயைத் தொறக்கலை. நடக்க மாட்டாம கெடந்தவளைக் கடேசியிலே டோலி கட்டி ரோட்டுக்குத் தூக்கியாந்தோம். அவ மலை மேல இருக்கிறவ. உனக்கு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். உனக்கு என்ன கேடு?"

நிமிர்ந்து பார்த்தேன். நிலைப்படியில் காப்பி டம்ளருடன் அம்மா நின்றிருந்தாள்.

ஆயா போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நீ பிறந்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஆறு மாசம்" என்றாள்.

"யாரிடம் சொன்னாய்?"

"யாரிடம் சொல்வது? இப்போது உன்னிடந்தான் சொல்கிறேன்."

எனக்கு வயது இருபத்தொன்பது. அத்தனை வருஷம் அம்மா அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

அன்றே அம்மா என்னை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். "மூலமா, டாக்டர்?" என்று கேட்டேன். "இந்த இடத்தில் எது வந்தாலும் மூலம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். மூலத்தில் பெரும்பாலும் வலியில்லாமல் ரத்தம் போகும். சிலருக்கு வீக்கம் இருக்கும். உனக்கு வந்திருப்பது வெடிப்பு. உதடு வெடிக்கிறதில்லையா? அந்த மாதிரி ஆசன வாயில் சிறு வெடிப்பு. தையல் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் குடல் மந்தமாகிறது. இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்; அது தாயின் உடம்பிலிருந்துதான் போகவேண்டும். அவள் குடிப்பதைக் குறைத்தால், குடல் மலத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மலம் கல்லாகிறது, வெடிப்பு உண்டாகிறது. வலிக்குப் பயந்து அங்குள்ள தசை இறுகுகிறது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறுவதில்லை. அதற்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் கல்லாகிறது. செக்கு மாடு போல் இதையே சுற்றி வரவேண்டியதுதான்.

"தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப் போகாதா?" என்று பெரியம்மாவின் சார்பில் அம்மா கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நீர்த்தும் போகாது, வயிறும் பானையாகாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். கீரை, பழம், காய் எல்லாம் கொடுங்கள்" என்றார்.

இரும்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். பிரசவத்துக்குப் பின் 180 நாள் அது வேண்டும் என்பது அரசாங்கத் திட்டத்திலேயே உள்ளது. ரத்தச் சோகைக்கு அதுதான் காப்பு. மிகவும் தொந்தரவு செய்தால் டாக்டரைக் கேட்டு வேறு வகைக்கு மாற்றலாமே ஒழிய, நாமாக நிறுத்தக் கூடாது.

அவர் சொன்ன வைத்தியம் அதிசயமானது ஒன்றுமல்ல. அகலமான பேசினில், பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு, வெளிக்குப் போய் வந்த பிறகும் இன்னும் ஓரிரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிஷம் அதில் உட்காரவேண்டும். இறுகிய தசை தளரும். மலத்தை இளக்க லாக்டுலோஸ் சிரப் கொடுத்தார். அது ரத்தத்தில் அநேகமாகக் கலப்பதே இல்லை; ஆகையால் தாய்ப்பாலில் போய்விடுமோ என்ற பயமில்லை. இசப்கோல் உமியும் அப்படித்தான். ஆனால் அதைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குடிக்கவேண்டும். வலிக்குத் தடவ ஒரு களிம்பும் எழுதித் தந்தார். அவசரம் வந்தால் அடக்கக் கூடாது, முக்கவும் கூடாது. நாற்காலி மாதிரிக் கக்கூசாக இருந்தால் காலுக்கு ஒரு மணை போட்டுக்கொள்ளவேண்டும். விளக்கெண்ணெய், நிலாவரைச் சூரணம், கடுக்காய் இவற்றைப் பால் கொடுக்கும்போது கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்றார். ஆயாவை நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு உயிர் கொடுத்தது அவர் சொன்ன கடைசி யோசனை. "உட்கார்ந்துதான் பால் கொடுக்கவேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, குழந்தையையும் உன் பக்கம் திரும்பினாற்போல் படுக்கவைத்துக் கொடு. நீ தூங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்" என்றார். அன்றிரவு அம்மா காவலுக்கு உட்கார, அப்படிக் கொடுத்தேன். உடம்பு தளர்ந்தது. குழந்தை இடையில் விடாமல் வயிறு நிறையக் குடித்தான். மாவுப் பால் டின் கடையிலேயே இருந்துவிட்டது.

ஒரு வாரத்தில் வலி பாதியாயிற்று. ஆறாவது வாரத்தில் அநேகமாக மறைந்தேவிட்டது. இப்படிப்பட்ட புது வெடிப்புகள் பெரும்பாலும் இந்தக் கைவைத்தியத்திலேயே ஆறிவிடுமாம். ஆறாமல் இழுத்தால் வேறு மருந்துகள் உண்டு. ரத்தம் அதிகமாகப் போனாலோ, சீழோ ஜுரமோ கண்டாலோ, காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமல் போனாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் பெண்கள் ஆயுள் முழுவதும் மறைக்கிறார்களாம். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

பெரியம்மா என்ன சொன்னாள் என்று கேட்கிறீர்களா? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து, 'ணங்'கென்று என் அருகில் வைத்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் ஆயா மறுபடி வந்தாள். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுப்பதைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா அவளிடம் இரண்டு படி சாமை வாங்கினாள். பேரம் பேசவில்லை.

போன மாதம் சின்னசேலத்தில் சித்தப்பா மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, பார்க்கப் போயிருந்தேன். வழக்கம்போல் எல்லாரும் தொட்டிலைச் சுற்றி நின்று, மூக்கு யார் ஜாடை என்று வாதாடிக் கொண்டிருந்தார்கள். நான் கட்டில் ஓரத்தில் அவள் பக்கமாக உட்கார்ந்து, அவள் காதோடு அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அவள் ஒரு தடவை வாசற்பக்கம் பார்த்தாள். பிறகு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ இன்றைக்கு ராத்திரி இங்கேயே தங்கிவிட்டுப் போயேன்" என்றாள்.

தங்கினேன்.