காவலை விலக்கும் மருந்து

சம்பா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளிவரும்போது யாரேனும் இருமினால் போதும். "எங்கள் வீட்டில் நான்கு கேப்சூல் மீந்திருக்கிறது, கொடுத்தனுப்புகிறோம்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அன்பினால் சொல்லும் சொல்தான். ஆனால் அந்தக் கேப்சூல்கள் உடலுக்குள் செய்வதென்ன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சளி இருமலுக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். அதை ஆன்டிபயாட்டிக் தொடாது. தொடுவது, நம் குடலில் தொல்லை தராது வாழும் பாக்டீரியாக்களையே.

டெட்ராசைக்ளினை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா புரதம் செய்வதைத் தடுப்பது இம்மருந்தின் வேலை. ஆனால் சில பாக்டீரியாக்களிடம், மருந்தை வெளியே இறைத்துவிடும் பம்பைச் செய்யும் ஜீன் ஒன்று உண்டு. சாதாரண வேளையில் அது உறங்கிக் கிடக்கும். புரதம் ஒன்று காவற்காரனைப்போல் அதன்மேல் அமர்ந்திருக்கும். வேண்டாத பம்பைச் செய்வது வீண் செலவன்றோ! மருந்து நுழைந்ததும் அந்தக் காவற்புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. காவல் விலகுகிறது, ஜீன் விழிக்கிறது, பம்பு உருவாகி மருந்தை வெளியே தள்ளுகிறது. நம்மைத் திடுக்கிடச் செய்வது இதுதான்: கிருமியை முடக்கப் போதாத மிகச் சிறிய அளவு மருந்தே காவலை விலக்கப் போதும். அரைகுறையாக விழுங்குவோர் இதைக் கேட்கவேண்டும்.

ஜீன்கள் இவ்வாறு தடுக்கப்பட்டும் விடுபட்டும் இயங்குவதை 1961-இல் விளக்கியவர்கள், பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோபும் ஜாக் மோனோவும் ஆவர். 1965-இல் ஆந்த்ரே ல்வோஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். (இப்பெயர்களைச் செம்மையாய் உச்சரிக்கும் பெரியோர் நம் புதுச்சேரியில் உளர், எமது தமிழ் எழுத்தைப் பொறுத்தருள்வார்களாக.)

இத்தகைய ஜீன்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறவும் வல்லவை. சாதுவான கிருமியிடமிருந்து கொடிய கிருமிக்கும் போகும். 1972-இல், நம் மாஹேக்குத் தெற்கே கோழிக்கோட்டில், குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு பரவிற்று. 1948 முதல் எத்தனையோ உயிர்களை மீட்ட மருந்து அது. அங்கே கண்ட எதிர்ப்பும் கைமாறக்கூடியதே என்று அவ்வாண்டே கண்டறிந்தனர்.

அன்று முதல் டைபாய்டுக்கு வேறு மருந்து, பின் வேறொன்று என்று மருத்துவர்கள் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

மருந்து நின்றதும் காவற்புரதம் மீண்டும் தன்னிடத்தில் அமர்ந்துகொள்ளும். பம்பு செய்வது நிற்கும். ஆனால் ஜீன் கிருமியிடத்திலேயே இருக்கும். அஃதில்லாத கிருமிகளோ மருந்தில் மடிந்திருக்கும்.