ஒலிநாடாவில் ஓர் இருமல்

1994ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு காலை. சூரத் நகரில் கொள்ளைநோய் பரவியுள்ளது என்று வானொலி அறிவித்தபோது நாங்கள் ஐவரும் விடுதி உணவறையில் இட்டிலித் தட்டுகளுடன் அமர்ந்திருந்தோம். பத்தாம் வகுப்பு மாணவர் நாங்கள். டில்லியிலிருந்து வரும் 7.15 மணிச் செய்தியைப் பேசாமல் கேட்க வேண்டும் என்பது விடுதியின் சட்டம். மக்கள் இலட்சக்கணக்கில் ரயிலேறி ஊரைவிட்டு ஓடுகிறார்கள், மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் கிடைக்கவில்லை என்றெல்லாம் நாள்தோறும் செய்தி வந்தது. கேட்டு அஞ்சினோம் என்று எழுதுவதற்கு ஆசைதான். ஆனால் எங்கள் உள்ளத்தில் எழுந்தது ஒருவகைக் குதூகலம். நோய் குசராத்தில் இருந்தது. நாங்கள் பொருநையாற்றுக் கரையில் இருந்தோம். தீபாவளிக்கு எடுக்கும் சேலை சூரத்துச் சேலையா என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கடையில் விசாரித்துவிட்டு வாங்கினார்கள் என்பது தவிர, அந்நோய் எங்களைத் தீண்டவில்லை.

அவ்வாண்டு விழாவிற்கு மேடை நாடகம் வேண்டாம், வானொலி நாடகம் ஒன்று செய்யலாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு அக்குதூகலமே காரணம். மேடையென்றால் உடை வேண்டும், ஒப்பனை வேண்டும், முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் விருந்தினரைப் பார்த்ததும் வசனம் மறந்துபோகும். ஒலிநாடா அப்படியன்று. எங்களில் ஒருவனுடைய தந்தை துபாயிலிருந்து அனுப்பிய டூ இன் ஒன் ஒன்று இருந்தது. மற்றொரு பதிவுக் கருவியை ஆங்கில ஆசிரியர் இரவல் தந்தார். கதையைத் தந்தவரும் அவரே.

இங்கிலாந்து நாட்டின் டார்பிசயர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அதன் பெயரை 'ஈம்' என்று ஒலிக்க வேண்டும் என்று அவர் சொன்னதும், ஈமச்சடங்கு நினைவுக்கு வந்து நாங்கள் சிரித்தோம். 1665ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து அவ்வூர்த் தையற்காரர் ஒருவருக்குத் துணிக்கட்டு ஒன்று வந்தது. ஈரமாயிருந்த துணியை உதவியாளர் அடுப்பங்கரையில் விரித்துக் காயவைத்தார். துணியில் இருந்த தெள்ளுப் பூச்சிகள் கொள்ளைநோயைக் கொணர்ந்திருந்தன. சில நாள்களில் அவ்வுதவியாளர் மாண்டார், பின்னர் அண்டை வீட்டார், பின்னர் தெருவார். 1666 சூன் மாதத்தில் அவ்வூர்க் குரு வில்லியம் மாம்பெசன், முன்பு அங்கே பணியாற்றிய தாமஸ் ஸ்டான்லியின் துணையுடன், மக்களை ஒரு முடிவுக்கு இணங்கவைத்தார்: நோய் அண்டை ஊர்களுக்குப் பரவாதிருக்க, எவரும் ஊர் எல்லையைக் கடப்பதில்லை. வெளியூரார் உணவுப் பொருள்களை எல்லைக் கல்லருகே வைத்துவிட்டுப் போவார்கள். ஊரார் அதற்குரிய காசைப் புளிக்காடியில் இட்டு வைப்பார்கள். ஏறத்தாழ 260 பேர் அங்கே மடிந்தனர். குருவின் துணைவியார் கேத்தரீனும் அவர்களுள் ஒருவர். ஒரு பெண்மணி எட்டே நாள்களில் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்தார்.

துணியினால் வந்த நோய் என்றதும் எங்களுக்குச் சூரத் நினைவு வந்தது. இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்குமா? பதினைந்து நாளில் எழுதி முடித்தோம். கேத்தரீனாக நடிப்பதற்கு இன்னும் குரல் உடையாத ஒருவனைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் காட்சிக்கும் நான்காம் காட்சிக்கும் இடையில் அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. நோயினால் அம்மையாரின் தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு வசனம் சேர்த்துச் சமாளித்தோம்.

இரவு படிப்பு முடிந்து உறக்க மணி அடித்தபின், பழைய மெத்தைகள் அடுக்கியிருந்த அறையில் பதிவு நடந்தது. மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். இல்லையேல் ஈம் கிராமத்தில் ஓயாமல் சூறைக்காற்று வீசும். குதிரைக் குளம்பொலிக்கு இரண்டு சிரட்டைகள். மழைக்கு முறத்தில் அரிசி. அடுப்புத் தீ பொரிவதற்கு மிட்டாய் சுற்றிய கண்ணாடிக் காகிதம். புளிக்காடியில் காசு விழும் ஒலிக்குச் செம்பில் தண்ணீர். ஐம்பது பைசாவைவிடப் பழைய ஐந்து பைசா நன்றாக ஒலித்தது. குழி தோண்டும் ஒலி எதிலும் சரியாக வரவில்லை. ஆதலால் விடுதிக் காப்பாளர் அடிகளாரின் ரோசாப் பாத்தியில் உண்மையாகவே தோண்டினோம். அதற்கான தண்டனையை அடுத்த வாரம் முழுவதும் அனுபவித்தோம். சாவு மணிக்குச் சமையற்கட்டின் பெரிய வெண்கல மூடியை அகப்பையால் அடித்தோம். அது மிக நன்றாக அமைந்தது. கண்ணால் காண முடியாத ஒன்றைக் காதால் உண்டாக்குகிறோம் என்ற களிப்பில் பசி, உறக்கம் எல்லாம் மறந்தன.

அமையாதது ஒன்றே: இருமல். ஐவரும் மாறிமாறி இருமிப் பார்த்தோம். ஒருவன் இருமினால் பேருந்தில் இடம் பிடிக்கத் தொண்டையைச் செருமுவது போலிருந்தது. மற்றொருவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். சாகக் கிடப்பவனின் இருமல் எங்களில் எவனுக்கும் வரவில்லை.

அப்போது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மணல்வாரி அம்மை கண்டிருந்தது. கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்தவன், அதிகம் பேசமாட்டான். தாழ்வாரத்தின் கோடியில், காய்கறித் தோட்டத்தை ஒட்டிய நோயர் அறையில் அவனைத் தனியே வைத்திருந்தார்கள். வாசலில் வேப்பிலைக் கொத்து. சமையற்காரர் சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போவார். அவ்வறைப் பக்கம் எவரும் போகக்கூடாது என்பது அடிகளாரின் கண்டிப்பான ஆணை. இரவில் அவன் இருமுவது எங்கள் படுக்கைக் கூடம்வரை கேட்கும். வறண்ட, நெஞ்சைப் பிடுங்கும் இருமல்.

அடுத்து நிகழ்ந்ததை அன்பர்கள் ஊகித்திருப்பீர்கள். ஒரு வியாழக்கிழமை இரவு நாங்கள் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வழியே சென்று அவன் சன்னலுக்கு வெளியே குந்தினோம். பத்து நிமிடம் காத்திருந்தோம். அவன் இருமினான். மீண்டும் இருமினான். பின்பு எங்கள் அசைவைக் கேட்டிருக்க வேண்டும். "யாருல வெளிய நிக்கது?" என்றான். நாங்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் நழுவிவிட்டோம். ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கையில், அவன் கேள்வி வந்த இடத்தில் வெண்கல மூடியை ஓங்கி அடித்து அதை மறைத்தோம்.

ஞாயிறு மாலை நாடகம் ஒலிபரப்பாயிற்று. குழாய் ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். அது தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தவாறு இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் திருப்பியிருப்போமா என்பது ஐயமே. நாடகம் முடிந்ததும் பலத்த கைதட்டல். ஆங்கில ஆசிரியர் எங்களை அழைத்து, "அந்த இருமல் அற்புதம். யாருடையது?" என்று வினவினார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எங்களில் ஒருவன், "நான்தான் சார்" என்றான். மற்ற நால்வரும் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் தேறி வகுப்புக்கு வந்தான். "நாடகம் நல்லா இருந்துச்சுல" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அரசுத் தேர்வு முடிந்ததும் வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

நாங்கள் நோய்ப் படங்களை விரும்பிப் பார்க்கும் கூட்டமாக வளர்ந்தோம். 1996 கோடை விடுமுறையில், வாடகை வீடியோ நாடாவில் 'அவுட்பிரேக்' பார்த்தோம். ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்று கொணரும் மோட்டாபா என்னும் கற்பனை வைரசு, கலிபோர்னியாச் சிற்றூர் ஒன்றைச் சூழ்கிறது. அவ்வூரையே குண்டுவீசி அழிக்க இராணுவம் துணிகிறது. அதில் ஒரு காட்சி: நோயுற்ற ஒருவன் திரையரங்கில் அமர்ந்து இருமுகிறான், எச்சில் துளிகள் காற்றில் மிதந்து, சிரித்துக்கொண்டிருப்பவர்களின் வாய்க்குள் போகின்றன. நாங்கள் அதைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டுப் பார்த்தோம். பின்னாளில் 1971இன் 'ஆன்ட்ரோமெடா ஸ்ட்ரெயின்' பார்த்தோம்; ஊரே மாண்டபின் ஒரு முதியவரும் அழுகிற குழந்தையும் மட்டும் எஞ்சும் படம். 2008இல் வெளியான 'தசாவதாரம்' படத்தில் கிருமியைக் கடற்கோளின் உப்புநீர் அழித்ததும், தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் எங்கள் நண்பன் திரையரங்கிலேயே எழுந்து நின்று கைதட்டினான்.

இன்பம் எதில் இருந்தது? முதலில் ஓர் ஆள், பிறகு நால்வர், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, பிறகு முழுச் சிவப்பு. யார் யாரைத் தொட்டார்கள் என்று பின்னோக்கித் துலக்கிச் செல்வதில் துப்பறியும் கதையின் சுவை இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் மருந்தும் கிடைத்துவிடும். நாற்காலியில் இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதியும் அந்த இன்பத்தில் ஒரு பங்கு. சூரத் செய்தியை இட்டிலியுடன் கேட்ட அதே இன்பம்.

'அவுட்பிரேக்' வெளிவந்த அதே 1995இல்தான் அன்றைய சயீர் நாட்டின் கிக்விட் நகரில் எபோலா பரவி இருநூற்றைம்பது பேரளவில் மாண்டனர். பெர்கமோ நகரில் தோன்றிய 'எளியோர் சகோதரிகள்' சபையைச் சேர்ந்த இத்தாலிய அருட்சகோதரியர் அறுவர், ஏப்ரல் கடைசிக்கும் மே கடைசிக்கும் இடையில் ஒருவர்பின் ஒருவராக அதே நோயில் இறந்தனர். முதலில் நோயுற்ற சகோதரியைப் பேணியோருக்கும் அது தொற்றியது. அங்கே நோயை நிறுத்தியவை கையுறை, முகக்கவசம், சவுக்காரம், நோயரைத் தனியே வைத்துப் பேணும் ஒழுங்கு ஆகியவையே. திரைப்படத்தில் வருவது போல வானூர்தித் துரத்தல் எதுவும் அங்கே நடக்கவில்லை. நாங்கள் இச்செய்தியை அறிந்திருந்தோம். அறிந்தும், அடுத்த ஆண்டு அப்படத்தைச் சிற்றுண்டி கொறித்தபடி பார்த்தோம். இன்றும் எங்களுக்கு அப்படத்தின்மேல் வெறுப்பில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2011இல் வந்த 'கன்டேஜியன்' எங்களைச் சற்று அசைத்தது. அப்படம் இருண்ட திரையில் ஓர் இருமலுடன் தொடங்குகிறது. உருவம் இல்லை, ஒலி மட்டும். நாங்கள் ஐவரும் வெவ்வேறு ஊர்களில் அதைப் பார்த்தோம். எனினும் தொலைபேசியில் பேசியபோது எவரும் அவ்விருமலைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பெண் மருத்துவர் ஒருவர் அதில் நோயாளியாகித் தற்காலிகக் கூடத்தில் கிடக்கிறார். அருகில் கிடப்பவர் குளிருகிறது என்கிறார். தம் மேலங்கியை அவரிடம் தள்ள முயல்கிறார், கை எட்டவில்லை. அக்காட்சியைப் பற்றி மட்டும் நெடுநேரம் பேசினோம்.

2021 மே மாதத்தில், டூ இன் ஒன் வைத்திருந்த எங்கள் நண்பன் கொரோனாவினால் மருத்துவமனையில் பதினோரு நாள் உயிர்வளிக் குழாயுடன் இருந்தான். பகலில் வெள்ளை அங்கி அணிந்தவர்கள் வந்தார்கள், முகம் தெரியாது. சாப்பாட்டுப் பொட்டலம் வாசலருகே மேசையில் வைக்கப்படும். இரவில் தாழ்வாரத்தில் காலடி ஓசை கேட்கும். தன் அறையை நோக்கி வருகிறதா, தாண்டிப் போகிறதா என்று செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு கிடப்பானாம். தேறி வீடு திரும்பியதும் அவன் செய்த முதல் வேலை, பரணிலிருந்த பழைய நாடாப் பெட்டியை இறக்கியது. நாடகப் பிரதி பூஞ்சை பிடித்துக் கிடந்தது. வியாழக்கிழமை இரவுப் பதிவு பழுதின்றி இருந்தது.

அவனைத் தேடிப் பிடிக்க ஓராண்டு ஆயிற்று. நாகர்கோவிலில் மின்வாரியப் பணியில் இருந்தான். 2022இல் நாங்கள் போனபோது ஐவரையும் அடையாளம் கண்டு, "ஏல, அஞ்சு பேரும் சேந்தே வாறீங்க, இன்னும் மாறலியா" என்று சிரித்தான். அவன் மனைவியார், "டீ எடுத்துக்கோங்கண்ணே" என்று கொண்டுவந்து வைத்தார். நாங்கள் வந்த காரணத்தை மென்று விழுங்கிச் சொன்னோம்.

"அன்னைக்கே தெரியும்ல," என்றான். "சன்னல்ல ஒருத்தன் தலை தெரிஞ்சுது. நாடகத்துக்குத்தான் எடுக்கானுவன்னு தெரிஞ்சுதான் ரெண்டாவது தடவ நல்லா இருமுனேன்."

எங்களுக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது. எல்லோரும் சிரித்தோம். அவன் நாடாவைக் கேட்க வேண்டும் என்றான். கொண்டுபோயிருந்த கருவியில் போட்டோம். சுவர்க்கோழி ஒலி, வேப்பங்கிளை உரசும் ஒலி, இருமல், சற்று இடைவெளி, மீண்டும் இருமல், முன்னதைவிட நீளமாக. அதன்பின், வெண்கல மூடி அடிக்கப்படாத இடத்தில், பதினைந்து வயதுக் குரல்: "யாருல வெளிய நிக்கது?"

நாடா ஓடிக்கொண்டிருந்தது. சருகில் பதினொரு பன்னிரண்டு அடிகள் வைத்து நாங்கள் விலகிப் போவது தெளிவாகக் கேட்டது. பிறகு சுவர்க்கோழி மட்டும். அவன் சிரிப்பு நின்றிருந்தது.

"அஞ்சு நாளு யாருமே பேசல," என்றான். "நீங்களாவது ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

அவன் மனைவியார் அடுக்களை வாசலில் நின்றபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் தேநீரைத் தொடவில்லை. சிறிது நேரங்கழித்து அவன், "திருப்பிப் போடுல, இன்னொரு தடவ கேப்போம்" என்றான். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றினோம்.