நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால்

வருகிற மாசி மாதம் நான் சைக்கிளில் மன்னாருக்குப் போகப் போகிறேன். "பஸ் ஓடுதுதானே, ஐம்பது வயதிலை இதென்ன விளையாட்டு?" என்று கணவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. மாதர் சங்கத்துத் தோழிகள் இருவரும் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

திருநெல்வேலியிலிருந்து நாவற்குழி, சங்குப்பிட்டி, பூநகரி வழியாக மன்னார் நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். முழங்காவிலில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் போவது எங்கள் திட்டம். சோளகம் வீசும் காலத்தில் பூநகரி வெளியில் எதிர்க்காற்று ஆளை நகரவிடாது. வாடைக்காற்று முதுகில் தள்ளும். அதனால்தான் மாசியைத் தெரிவு செய்தோம்.

ஆவணியில் பயிற்சியைத் தொடங்கினோம். முதலில் சீற்றைச் சரிசெய்தோம். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். இத்தனை வருடமும் பதிந்த சீற்றில் ஓடித்தான் முழங்கால் நோவை வாங்கியிருக்கிறேன். கிழமைக்கு மூன்று நாள் விடியற்காலையில் ஓடினோம். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினோம். தண்ணீரும் ஒரு பாடமாயிற்று. வழியில் மலசலகூடம் இராது என்று தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்து பழகியவர்கள் நாம். வெயிலில் அது ஆபத்து. எங்கே இறங்கலாம் என்று முன்கூட்டியே விசாரித்து எழுதி வைத்திருக்கிறோம். வழிச்சாப்பாட்டுக்குப் புழுக்கொடியலும் எள்ளுருண்டையும் போதும்.

ஆனால் நாவற்குழிப் பாலத்தடியில் ஒவ்வொரு நாளும் நான் திரும்பிவிடுவேன். தோழிகள் காரணம் கேட்கவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கரியரில் அம்மா, ஹான்டிலில் சட்டிபானை. மழையில், சன நெரிசலில், சைக்கிளை ஓட முடியாமல் உருட்டிக்கொண்டு போனேன். பாலத்துக்குக் கிட்ட பின்சில்லு காற்றுப் போய்விட்டது. ஒட்டத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் நின்று உதவ நேரமில்லை. அம்மா இறங்கி நடந்தா. அன்று முழுதும் ரயர் தரையில் அடிபட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஐப்பசியில் சந்திச் சைக்கிள் கடை ஐயாவிடம் போய் ஒட்டுப்போடப் பழகினேன். ரயரைக் கழற்றி, ரியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்து, உரஞ்சிச் சொலூஷன் பூசி, அது காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் பிடிக்காது. மூன்றாம் முறை நான் போட்ட ஒட்டு நின்றது. அடுத்த நாள் விடிய நான் பாலத்தடியில் திரும்பவில்லை. கைதடிச் சந்திவரை போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தோம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கடல்நீரேரியில் கொக்குகள் நின்றன.

சகோதரிகளே, நம்மில் பலர் பிள்ளையை, விறகை, அரிசியை ஏற்றியே சைக்கிள் ஓடியிருக்கிறோம். ஒருமுறை உங்களுக்காக மட்டும் ஓடிப் பாருங்கள். ஒட்டுப்போடவும் பழகிக்கொள்ளுங்கள்.

நேற்று மாற்று ரியூபும் பம்பும் வைத்துப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: "பிள்ளை, கரியரிலை பாரம் கனக்கக் கட்டாதை. இந்தமுறை நீ ஓடிப் போ."