மஞ்சள் பைக்குள் நான்கு கொடை

மே 3, 2024, வெள்ளி

வெயில் தாழும் முன்பே பெரியப்பா வந்துவிட்டார். நாங்குநேரியில் பஸ் ஏறி, பாளையங்கோட்டையில் இறங்கி, வீடுவரை நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை. மோர் குடித்து முடிக்கும்வரை அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

"தாயி, நாப்பத்தஞ்சு வருசமா வில்லடிச்சதுல மிஞ்சினது இவ்வளவுதான். எதுவும் ஓட மாட்டேங்கு. நீ கொஞ்சம் பாரு."

பாயை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். 2005 கோயில் கொடைக்குப் பாடிய முத்துப்பட்டன் கதை, நான்கு வி.சி.டி. 2009 கொடை, பழைய நோக்கியா போனின் மெமரி கார்டு. 2011 இசக்கி கதை, ஒரு பென்டிரைவ். 2019 கொடை, கண்ணாடி நொறுங்கிய போன், உள்ளேயே கார்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காட்டியிருக்கிறார். அரை நிமிடம்கூடப் பார்க்காமல் "எல்லாம் கெட்டுப்போச்சு தாத்தா, தூக்கிப் போட்டுருங்க" என்றார்களாம். அன்றிலிருந்து பை பரணில் கிடந்தது. இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வில்லுப்பாட்டுப் படிக்கிறாள். வரும் ஆடிக் கொடையில் இடப்பக்கம் உட்கார்ந்து அவள் பாட வேண்டும். பெரியப்பாவுக்கு முன்போலத் தொண்டை இல்லை. ஒரு கதையை ராத்திரி முழுக்கப் பாடிக் காட்ட முடிவதில்லை. அதனால்தான் பை பரணிலிருந்து இறங்கியிருக்கிறது.

விடுமுறை முடிவதற்குள் முடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 4, சனி

என் லேப்டாப்பில் சி.டி. போடும் இடமே கிடையாது. உடன் வேலை பார்க்கும் கணக்கு டீச்சரிடம் யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன்.

முதல் தட்டைப் போட்டதும் நாலைந்து ஃபோல்டர்கள் வந்தன. அவற்றில் ஒன்று 'எம்பெக்ஏவி'. அதற்குள் ஒரே ஒரு பெரிய கோப்பு, பெயர் 'டாட்' என்று முடிகிறது. சொடுக்கினால் "எந்த மென்பொருளில் திறக்க?" என்று கேட்டு நின்றுவிடுகிறது. கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டுத்தான் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருக்க வேண்டும்.

அது கெடவில்லை. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெறும் அட்டைப் பெயர். அதைப் பார்த்துத்தான் விண்டோஸ் எந்த மென்பொருளைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்கிறது. உள்ளே இருப்பது எம்பெக்-1 என்ற முறையில் சுருக்கப்பட்ட படம். 1993இல் வகுத்த வி.சி.டி. தரம் கையாண்ட முறை அது. நம் ஊரில் 352×288 புள்ளி. அந்தக் காலத்துக் கல்யாண வீடியோக்கள் எத்தனையோ இதே முறையில்தான் வீடு வந்து சேர்ந்தன.

தமிழ் வகுப்பில் சுவடி பற்றிச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு இரண்டு விஷயத்தைப் பிரித்துக் காட்டுவேன். சட்டமும் கயிறும் கட்டு. ஓலையில் இருப்பது எழுத்து. கட்டை அவிழ்க்கத் தெரிந்தவனுக்கும் வட்டெழுத்து தெரியாவிட்டால் ஓலை ஊமைதான். வீடியோவும் அப்படியே. ஏ.வி.ஐ., எம்.பி.4 என்பவை கட்டு. எம்பெக்-1, எச்.264 என்பவை எழுத்து. ஓடாத கோப்பைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, கட்டு பிரியவில்லையா, எழுத்து புரியவில்லையா என்பதுதான்.

வி.எல்.சி. என்ற மென்பொருளில் திறந்தேன். ஓடியது! பெரும்பாலான எழுத்து முறைகளைப் படிக்கும் திறனை அது தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. விண்டோஸிடம் கடன் கேட்பதில்லை. 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தங்கள் வளாகத்துக்குள் படம் அனுப்பிப் பார்க்கத் தொடங்கிய வேலை, 2001இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது. அவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. மனசார நன்றி சொல்லிக்கொண்டேன்.

திரையில் பெரியப்பா கறுத்த முடியோடு உட்கார்ந்திருக்கிறார். வில்லின் மணிகள் டியூப்லைட் வெளிச்சத்தில் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிகின்றன. குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது.

மே 5, ஞாயிறு

கணக்கு டீச்சர் மகன் வந்தான். "கோடெக் பேக்னு ஒண்ணு இருக்கு டீச்சர், இறக்கிப் போட்டா எல்லாம் ஓடும்" என்றான். நல்ல பிள்ளை, உதவத்தான் சொன்னான். ஆனால் எங்கிருந்தோ கிடைக்கும் அந்த எழுத்துப் படிப்பாளி மூட்டைகளை நான் போடுவதாக இல்லை. "உங்கள் வீடியோ ஓட இதை நிறுவுங்கள்" என்று சொல்லித்தான் நிறைய வைரஸ் உள்ளே வருகிறது. ஒரு கோப்பை ஓடவைக்கப் போய் மற்ற எல்லாவற்றையும் இழக்கக்கூடாது.

அவனுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. புதுப் போனில் எடுத்த படம் அவன் கம்ப்யூட்டரில் ஓடவில்லை, காசு கொடுத்து ஏதோ வாங்கச் சொல்கிறதாம். எச்.265 என்னும் புது எழுத்து அது. போன் கேமரா அமைப்பில் எச்.264க்கு மாற்றிக் கொடுத்தேன். இனி எடுப்பது எங்கும் ஓடும். ஏற்கெனவே எடுத்ததற்கு வி.எல்.சி. போதும்.

மே 6, திங்கள்

மூன்றாவது தட்டு நின்றுவிட்டது. 38ஆவது நிமிடத்தில் படம் உறைந்தது, டிரைவ் கர் கர் என்று உறுமியது. கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கப் போனால் பாதியில் பிழை காட்டி முழு நகலையும் கைவிட்டுவிடுகிறது.

வி.சி.டி.யில் இப்படி ஆவதற்குக் காரணம் இருக்கிறது. தட்டில் 2,352 பைட் கொண்ட சின்னச் சின்னப் பிரிவுகள் உண்டு. சாதாரணக் கோப்பு என்றால் ஒரு பிரிவில் 2,048 பைட்தான் சரக்கு; மிச்சத்தில் பெரும்பங்கு, கீறல் விழுந்தால் திருத்திக்கொள்வதற்கான காப்பு. வி.சி.டி.யில் 2,324 பைட்டையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்ததால்தான் எழுபது எண்பது நிமிடம் ஒரே தட்டில் அடங்கியது. காப்பு போனதால் சின்னக் கீறலும் பெரிய காயமாகிறது.

தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். கீழ்ப்பக்கம் யாரோ சட்டைத் துணியால் வட்டமாகத் துடைத்த தடம். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தரவு வட்டப் பாதையில்தான் ஓடுகிறது. வட்டக் கீறல் ஒரே இடத்தைத் தொடர்ந்து அழித்துக்கொண்டே போகும். குறுக்குக் கீறல் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளிதான் போகும். ஒரு சொட்டு சோப்பு விட்ட தண்ணீர், பழைய பருத்திப் புடவைத் துண்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுத்துத் துடைத்து நிழலில் உலரவைத்தேன். மேல்பக்கம் ஸ்டுடியோக்காரர் ஒட்டிய காகிதத்தைத் தொடவில்லை. வெள்ளிப் பூச்சு அந்தப் பக்கம்தான் இருக்கிறது, காகிதத்தை உரித்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும்.

பிறகு, படிக்க முடியாத பிரிவில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயன்று பார்க்கும் மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கப் போகிறேன்.

மே 7, செவ்வாய்

விடிந்து பார்த்தால் முடிந்திருந்தது. படிக்க முடியாதவை 1,500 பிரிவுகள். ஒரு விநாடிக்கு 75 பிரிவு. ஆக, போனது 20 விநாடி.

பெரியப்பாவுக்கு போன் போட்டேன். எந்த இடம் என்று கேட்டார். முத்துப்பட்டன் காட்டில் பொம்மக்கா திம்மக்கா பாடுவதைக் கேட்டு நிற்கிறானே, அதற்குப் பிறகு என்றேன். மறுமுனையில் கொஞ்சநேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக அந்த அடிகளைப் பாடினார். நான் எழுதி எடுத்துக்கொண்டு, நேரக் குறிப்போடு அந்தக் கோப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

நான்கு கோப்புகளையும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் மூலம் எம்.பி.ஜி. கட்டுக்கு மாற்றினேன். படத்தை மறுபடி சுருக்கச் சொல்லவில்லை. எழுத்தைத் தொடாமல் கட்டை மட்டும் மாற்றும் வழி அதில் உண்டு, ஒரு தட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் குறையும். ஏற்கெனவே மங்கலான படத்துக்கு அந்தக் கொடுமை வேண்டாம்.

மே 8, புதன்

2009 நோக்கியா கார்டு. 3ஜி.பி. கோப்புகள் பதினொன்று. விண்டோஸில் படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் போட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும்: படம் எச்.263, 176×144. ஒலி ஏ.எம்.ஆர்., விநாடிக்கு 8,000 மாதிரி. படத்துக்குப் படிப்பாளி இருக்கிறான், ஒலிக்கு இல்லை. மறுபடியும் வி.எல்.சி.; சத்தம் வந்தது.

ஏ.எம்.ஆர். போன் பேச்சுக்காக உண்டான முறை. மனிதக் குரல் நிற்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். அதனால் குடத்து வாயில் அடிக்கும் கனத்த கும்மென்ற ஓசை காணாமல் போய், டொக் டொக்கென்று மரத்தைத் தட்டுவதுபோலக் கேட்கிறது. வீசுகோல் பட்டுச் சிலம்பும் மணிகளும் மூச்சுச் சத்தமாகத் தேய்ந்துவிட்டன. சொற்கள் மட்டும் தெளிவாக நிற்கின்றன. பாடம் கேட்டு எழுதப் பேத்திக்கு இதுதான் மிக உதவும் என்று தோன்றுகிறது.

மே 9, வியாழன்

பென்டிரைவ்.

இரண்டு கோப்பு. ஒவ்வொன்றும் 1.7 ஜி.பி. பெயரும் தேதியும் சரி. எதிலும் ஓடவில்லை. மீடியாஇன்ஃபோ அளவைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் நிரலில் திறந்தேன். ஏ.வி.ஐ. என்றால் முதல் நான்கு எழுத்து 'ரிஃப்' என்று இருக்க வேண்டும். இங்கே பூச்சியம். கீழே இறங்கினேன், பூச்சியம். நடுவில், முக்காலில், கடைசியில் பார்த்தேன். வரிவரியாகப் பூச்சியம்.

நகலெடுக்கும்போது முழுவதும் எழுதி முடிப்பதற்குள் பென்டிரைவைப் பிடுங்கியிருக்க வேண்டும். இடத்தை ஒதுக்கிப் பெயரை எழுதியாயிற்று, உள்ளே எதையும் எழுதவில்லை. மூலம் இருந்த கேமரா கார்டை அடுத்த வருடமே அழித்து வேறெதற்கோ பயன்படுத்திவிட்டார்களாம். அழிந்த கோப்புகளைத் தேடும் மென்பொருளையும் பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. இதைப் பழுதுபார்க்க முடியாது. பழுதுபார்க்க ஒரு பொருள் இருக்க வேண்டும்.

ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. காலையில் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்லப் போகிறேன்.

மே 10, வெள்ளி

சொன்னேன். "சரி தாயி. இசக்கி கதை எனக்குப் பாடமா இருக்கு" என்றார். பிறகு, "அந்தப் போனு?" என்று கேட்டார். அந்தப் போனைத்தான் முதலிலிருந்தே அவர் மனது சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. குடம் அடித்த சித்தப்பா கடைசியாக மேடை ஏறியது 2019 கொடையில். அடுத்த வருடம் அவர் இல்லை.

கார்டைக் கழற்றி முதலில் முழு நகல் எடுத்தேன். மூலத்தின் மீது எந்த மருந்தையும் சோதிப்பதில்லை. ஒரு எம்.பி.4 கோப்பு, 3.4 ஜி.பி. வி.எல்.சி.யும் கைவிட்டது. எஃப்எஃப்எம்பெக்கில் கொடுத்தால் "மூவ் பகுதியைக் காணவில்லை" என்கிறது.

உள்ளே திறந்து பார்த்தேன். தலையில் 'எஃப்டிப்' இருக்கிறது. அப்புறம் 'எம்டேட்', அதற்குக் கீழே நிறைய நிறைய பைட்டுகள், பூச்சியம் இல்லை! படமும் ஒலியும் உள்ளே இருக்கின்றன. இல்லாதது 'மூவ்' மட்டும். எந்தப் படத்துண்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், ஒலி எது, படம் எது என்ற அட்டவணை அது. பதிவை நிறுத்தும்போதுதான் போன் அதைக் கடைசியில் எழுதும். மூங்கில் காலில் கட்டியிருந்த போன் பாட்டின் நடுவிலே விழுந்து நொறுங்கி அணைந்துவிட்டது. யாரும் நிறுத்து பொத்தானை அழுத்தவில்லை. கயிறறுந்து, ஏட்டெண்ணும் இல்லாமல் கொட்டிக் கிடக்கும் ஓலைகள் இவை. ஓலை ஒவ்வொன்றும் பத்திரம்.

அன்ட்ரங்க் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. அதே போனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் கொடுத்தால், அதன் அட்டவணையைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணை கட்டிப் பார்க்கும். இந்தக் கார்டில் வேறு வீடியோ எதுவும் இல்லை. அதே போன்தான் எடுக்க வேண்டும்.

சார்ஜரில் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, நொறுங்கிய கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது.

மே 12, ஞாயிறு

பெரியப்பாவையும் பேத்தியையும் வரச் சொல்லியிருந்தேன். சார்ஜரைக் கழற்றினால் போன் அணைந்துவிடுகிறது. அதனால் பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே, ஜன்னலோரம் நாற்காலியில் சாய்த்து வைத்தேன். 1080 அமைப்பு மாறாமல் இருக்கிறதா என்று இரண்டுமுறை பார்த்தேன்.

"ஒரு நிமிசம் போதும் பெரியப்பா. சுவரை எடுத்தாலும் சரிதான்."

"சுவரை எதுக்கு எடுக்கணும்? ஏட்டி, இங்ஙன வந்து இரு."

பேத்தி இடப்பக்கம் உட்கார்ந்தாள். வில் இல்லை, உடுக்கை இல்லை. என் மேசையில் விரலால் தாளம் தட்டிப் பெரியப்பா காப்புப் பாடினார். அவள் வாங்கிப் பாடினாள். ஒரு நிமிடம் பத்து விநாடி. நானே பொத்தானை அழுத்தி நிறுத்தி, அட்டவணை எழுதி முடியட்டும் என்று எட்டுவரை எண்ணினேன்.

அந்தக் கோப்பையும் உடைந்த கோப்பின் நகலையும் அன்ட்ரங்கிடம் கொடுத்தேன். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பேத்தி என் தோள்மேல் கை வைத்து எட்டிப் பார்த்தாள். எனக்குத் தொண்டை காய்ந்துபோய்விட்டது.

27 நிமிடம் மீண்டிருந்தது. திறந்தேன்.

குடத்துக்கார சித்தப்பா வலது ஓரத்தில் பாதி உடம்பு மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறார். குடத்தை மடியோடு அணைத்துச் சாய்த்து, வாயில் ஓங்கி அடிக்கிறார். இந்தப் பதிவில் அந்தக் கும் முழுசாக இருக்கிறது, லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரிலேயே மேசை அதிர்ந்தது. பெரியப்பா ஓர் அடியை நிறுத்தியபோது சித்தப்பா தலையைத் திருப்பி, அடுத்தது என்ன என்று கண்ணால் கேட்கிறார். இங்கே நாற்காலியில் இருந்த பெரியப்பா தலையசைத்தார்.

ஒலி படத்துக்கு ஒரு துளி பிந்தி வருகிறது. கடைசிச் சில விநாடிகள் கிடைக்கவில்லை. அதைச் சொன்னேன், அவர் காதில் விழவில்லை.

மூன்று இடத்தில் நகல் வைத்துவிட்டேன்: அவர் வீட்டுக்கு ஒரு ஹார்டுடிஸ்க், என்னிடம் ஒன்று, பேத்தி பெயரில் இணையச் சேமிப்பு ஒன்று. ஹார்டுடிஸ்க்கை எப்படிக் கழற்ற வேண்டும் என்று அவளை மூன்றுமுறை செய்துகாட்டச் சொன்னேன். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பெரியப்பா, "இன்னைக்குப் பாடினதும் அதுல இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. '2024, மே 12, காப்பு, தாத்தாவும் பேத்தியும்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.