'கரண்டு' வைத்த பிறகு

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் 'கரண்டு வைத்தல்'. மும்பையின் இந்தி அதனைச் 'சிகாயி' என்கிறது. ஒத்தடம் என்று பொருள். மொழியியல் பயின்றவருக்கு இவ்விரு சொற்களோடு நின்றுவிடத்தான் தோன்றும். என்னை நிற்கவிடாதது மும்பை டாட்டா நினைவு மையத்தின் 'பார்சர்' ஆய்வு.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கதிர்வீச்சும் தேவைப்பட்ட 300 பெண்கள் 2011 முதல் 2019 வரை அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான முப்பரிமாண முறை; மற்றவர்க்கு, படமெடுத்து இடம் சரிபார்த்து, கதிரின் செறிவை இடத்துக்கிடம் மாற்றிக் குடலைக் காக்க முயலும் முறை. மூன்றாண்டுகளில் இரண்டாம் நிலை அல்லது அதற்கு மேற்பட்ட குடல் பாதிப்பு முன்னவரில் 42.4 விழுக்காடு, பின்னவரில் 21.1. நோய் மீள்வதில் வேறுபாடில்லை.

வயிற்றுப்போக்கில் 'இரண்டாம் நிலை' என்பது வழக்கத்தினும் நாளுக்கு 4 முதல் 6 முறை கூடுதல். தாராவியில் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு, வேலைக்குப் போகலாமா, பேருந்தில் ஏறலாமா என்பதையே அந்த எண் முடிவு செய்துவிடும்.

ஆனால் அவர் சொன்னால்தானே கணக்கில் ஏறும்? உடன்வந்த மகன் மொழிபெயர்க்கிறான் என வைத்துக்கொள்வோம். 'அடக்க முடியலப்பா' என்று தயங்கிச் சொன்னது மராத்தியில் வெறும் 'ஜுலாப்' ஆகிவிடும். மருத்துவர் அடுத்துக் கேட்பார்: எத்தனை முறை? அதை மகன் முன்னே எண்ணிச் சொல்ல எந்தத் தாய்க்கு நா எழும்?