கன்றுக்கு இட்ட காவல்

காரைக்குடியை அடுத்த எங்கள் சிற்றூரில், வளவு கடந்து பின்கட்டுக்குச் சென்றால் மாட்டுக்கொட்டில் இருக்கும். அதனை ஆண்டவர் எங்கள் அப்பத்தா. சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பசு ஒன்று ஏழாம் மாதத்திலேயே கன்றை வீசிவிட்டது. அப்பத்தா வெறுங்கையாலேயே யாவற்றையும் அள்ளித் துப்புரவு செய்தார்.

சில வாரங்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அது விட்டுவிட்டு வந்தது, மூட்டுகள் நொந்தன, இரவெல்லாம் வியர்த்தது. குருதியைச் சோதித்த மருத்துவர், மாட்டின் கன்று வீச்சு நோயே அவரையும் பற்றியுள்ளது என்றார். இதனை உண்டாக்குவது புருசெல்லா என்னும் நுண்ணுயிர். அவ்வினத்தை 1887-இல் மால்டாத் தீவில் முதலில் கண்டறிந்தவர் டேவிட் புரூஸ் என்னும் படை மருத்துவர். ஆறு வாரம் இருவகை மருந்துகளை உண்ட பின்னரே அப்பத்தா தேறினார்.

அடுத்த ஆண்டு, கால்நடை மருத்துவர் எங்கள் கிடாரிக் கன்றுக்கு அந்நோய்க்கான தடுப்பூசி போட வந்தார். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு அதனை ஒருமுறை போடுவர். அப்பத்தா அவரை நோக்கி, "ஐயா, அதிலே எனக்கும் கொஞ்சம் போடுங்கள். நான் பட்டது போதும்" என்றார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. "ஆச்சி, இப்புட்டியில் இருப்பவை வலுக்குன்றிய, ஆனால் உயிருள்ள கிருமிகள். கன்றின் உடல் இவற்றைத் தாங்கும். மனித உடலிலோ இவை நோயையே உண்டாக்கக்கூடும். தவறி என் விரலில் குத்தினாலும் நான் மருந்து உண்ண நேரிடும். அதனால்தான் இந்தக் கையுறை" என்றார்.

"மனிதருக்கென்று தனியே ஒன்று செய்யலாகாதா?" என்று நான் வினவினேன்.

"செய்ய முயல்கின்றனர்; நம் நாட்டில் இன்னும் அத்தகைய ஊசி இல்லை. மந்தையைக் காக்கும்போது ஒரு கன்றுக்கு வரும் சிறு துன்பத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். நலமாயிருக்கும் மனிதருக்குப் போடும் ஊசியிலோ அவ்வாறு கணக்கிட இயலாது. அதனைப் பலரிடம் படிப்படியாகச் சோதித்துத் தெளிய வேண்டும். மேலும், இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது; மாட்டிடமிருந்தே வருகிறது. ஆகவே, கன்றுக்குப் போடும் ஊசி ஆச்சிக்கும் காவலே. பாலைக் காய்ச்சிப் பருகுங்கள், ஈற்றின்போது கையுறை அணியுங்கள்" என்று கூறி, ஓர் இணைக் கையுறையைத் தந்து சென்றார்.

அப்பத்தா அதனைக் கொட்டிலின் மாடக்குழியில் வைத்தார். அக்கிடாரி வளர்ந்து, நிறைமாதத்தில் நலமாகக் கன்று ஈன்றது. அன்று அப்பத்தா முதலில் கைநீட்டியது மாடக்குழியை நோக்கித்தான்.