கட்டை அவிழ்க்க இன்னொரு கை

1/ புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் நான். குடியை விட முடியாம வர்றவங்களுக்கு தினமும் அட்வைஸ் பண்ற ஆளு. அதே ரெண்டு வருஷமும் நைட் டூட்டி ரூம்ல உக்காந்து ஆன்லைன் ரம்மி ஆடிக்கிட்டிருந்தேன். இதைச் சொல்ல ரொம்ப நாள் யோசிச்சேன்.

2/ 100 ரூபாயில ஆரம்பிச்சேன். முதல் வாரமே 700 வந்துச்சு. எப்பவும் ஜெயிச்சா மூளைக்குச் சலிச்சுடும். எப்பவாவது ஜெயிச்சாதான் விடாது. இதெல்லாம் படிச்சவன்தான். படிப்பு காப்பாத்தல.

3/ பணம் போனதைவிட மோசம், பொய். விட்ட காசை மறைக்க லோன். லோனை மறைக்க மனைவிகிட்ட பொய். ஞாயிறு பூசையில நற்கருணை வாங்காம பின்வரிசையில நிப்பேன். ஏன்னு கேட்டா, "இப்பதான் டீ குடிச்சேன்." அதுவும் பொய்.

4/ செய்ய விரும்பாததையே செய்றேனேன்னு பவுல் புலம்புறது ரோமர் 7-ம் அதிகாரத்துல இருக்கு. ஆப்பை டெலீட் பண்ணிட்டு மறுநாளே இன்ஸ்டால் பண்ணினவனுக்கு அது நல்லாப் புரியும். நம்ம ஊரு சீமைக்கருவேலம் மாதிரி. மேல வெட்டினா அடிக்கட்டையில நாலா துளிர்க்கும்.

5/ வார்டுல ஒருத்தர். குடியை நிறுத்தி மூணாம் நாள், உடம்பெல்லாம் நடுக்கம். லோராசிபாம், தயமின் போட்டுத் தெளிஞ்சப்புறம் கேட்டார்: "நீங்க எதையாச்சும் விட முடியாம தவிச்சிருக்கீங்களா சார்?"
"இல்லப்பா"ன்னுட்டேன். அன்னிக்குத் தூக்கம் வரல.

6/ டாக்டர் பாப் ஞாபகம் வந்தார். அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்து சர்ஜன், பெருங்குடிகாரர். 1935-ல பில் வில்சன் அவரைச் சந்திச்சார். அவரும் குடிச்சு அழிஞ்சு மீண்டவர். மறுபடி குடிச்சுடுவோமோங்கிற பயத்துல இருந்தவர். அட்வைஸ் பண்ணல, தன் கதையைச் சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது அங்கதான்.

7/ யோவான் 11-ஐ எடுத்து வாசிச்சேன். இயேசு கூப்பிட்டதும் இலாசர் உயிரோட வெளியே வந்துட்டார். ஆனா கை கால்ல கட்டு அப்படியே இருக்கு. அதை அவிழ்க்கச் சொன்னது சுத்தி நின்னவங்ககிட்ட! உயிர் கொடுத்தவருக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாதா? நான்தான் யாருக்கும் தெரியாம ஜெபத்துலயே சரியாகிடணும்னு பாத்தேன். அது விசுவாசம் இல்லீங்க. மானம் போயிடுமோங்கிற பயம்.

8/ முதல்ல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம். அப்புறம் மனைவிகிட்ட முழுத் தொகை: 4 லட்சத்து 20 ஆயிரம். ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் ஏடிஎம் கார்டை வாங்கி வெச்சுக்கிட்டு, "சாப்பிட வாங்க"ன்னா. மன்னிப்புன்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

9/ ஆசை உடனே போயிடல. மனநல டாக்டரைப் பாத்தேன். இஎம்ஐ இன்னும் ஓடுது. 2025 ஆகஸ்ட்ல பணம் வெச்சு ஆடற ஆன்லைன் கேமுக்குச் சட்டமே தடை போட்டுடுச்சு. ஆனாலும் சில ராத்திரி கை அரிக்கும். மனைவிக்கு போன் போடுவேன். மறைக்க ஒண்ணும் இல்லங்கிறதே எனக்குப் பெரிய விடுதலை.

10/ அந்த நோயாளி ரிவ்யூக்கு வந்தப்ப, "அன்னிக்குப் பொய் சொன்னேன், நானும் தவிச்சவன்தான்"னு சொல்லிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார்.

நீங்களும் எதுலயாவது மாட்டியிருந்தா, இன்னிக்கு ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. யாரும் இல்லைன்னா 14416, டெலி மானஸ். 24 மணி நேரமும் எடுப்பாங்க, இலவசம்.